ஒரே கட்சி, இரு பட்சம்: பூர்வாங்கத் தேர்தல் காலத்தில் நாகரிகமாக வாதிடும் முறை

கட்சிகளுக்கு இடையே நடக்கும் தேர்தலைக் காட்டிலும் ஒரு கட்சிக்குள்ளேயே நடக்கும் தேர்தல்தான் சில வேளைகளில் மனத்தை அதிகமாகப் புண்படுத்துகிறது என்பதை, அமெரிக்க அரசியலில் சிறிது காலமேனும் ஈடுபட்டவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். எதிர்க்கட்சிக்காரர் நம்மிலிருந்து வேறுபடுவார் என்பது முன்னரே தெரிந்த விஷயம். அவரிடம் நாம் அதிகமாக எதிர்பார்ப்பதில்லையாகையால், அவருடைய சொல் நம்மைத் திடுக்கிடச் செய்வதுமில்லை. ஆனால் நேற்றுவரை நம்முடன் ஒரே கொடியின்கீழ் நின்று, வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டு, ஒரே தோல்விக்கு வருந்தி, ஒரே வெற்றிக்கு மகிழ்ந்த ஒருவர், இன்று வேறோர் அபேட்சகரின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு எதிரில் வந்து நின்றால், அது அபிப்பிராய பேதமாகத் தோன்றாமல் நம்பிக்கைத் துரோகமாகவே தோன்றிவிடுகிறது. பங்காளிச் சண்டைக்கு உள்ள உக்கிரம் ஊர்ச் சண்டைக்கு இல்லை.

இந்தச் சண்டையே கூடாது என்று சொல்வதற்காக இந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. கட்சித் தலைவர்கள் சிலர் மூடிய அறைக்குள் கூடி அபேட்சகரை நியமித்து வந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகவே பிரைமரி என்னும் பூர்வாங்கத் தேர்தல் ஏற்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் கவர்னர் ராபர்ட் லா ஃபாலெட்டின் விடாமுயற்சியால் 1903-இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஜனங்களின் வாக்கினால் உறுதி பெற்ற சட்டம், அந்த உரிமையைத் தலைவர்களின் கையிலிருந்து எடுத்துச் சாதாரண வாக்காளரின் கையில் கொடுத்தது. உரிமை பலரிடம் வந்தால் அபிப்பிராயமும் பலவாகும். அபிப்பிராயம் பலவானால் விவாதம் உண்டாகும். ஆகவே விவாதம் இந்த ஏற்பாட்டின் நோக்கமே ஆகும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, இன்று தோற்கப்போகிறவர் நாளை நம்மிடம் திரும்பி வருவதற்குரிய வழியை அடைத்துவிடாமல் வாதிடும் வித்தை ஒன்றைத்தான். பின்வரும் யோசனைகள் எல்லாம் அந்த ஒரு கருத்தின் விரிவே என்று கொள்ளலாம்.

பிளவின் விலையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

ஜனாதிபதி அபேட்சகரைத் தெரிந்தெடுப்பதில் பூர்வாங்கத் தேர்தல்கள் பெரிய அளவில் பங்கு கொண்ட முதல் ஆண்டு 1912. குடியரசுக் கட்சியில் அவ்வாண்டு மோதிக்கொண்டவர்கள், அப்போது ஜனாதிபதியாக இருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்டும், அவருக்கு முன் ஜனாதிபதியாக இருந்து, அவரையே தமக்கு வாரிசாகத் தேர்ந்து பதவியில் அமர்த்திய தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஆவர். இருவரும் பல ஆண்டுக் காலம் உற்ற நண்பர்கள். கொள்கை வேற்றுமையாகத் தொடங்கிய அவர்களுடைய போட்டி, மேடைக்கு மேடை ஏறிச்சென்று, ஒருவர் மற்றவரை மூடரென்றும் ஜனங்களை ஏய்ப்பவரென்றும் ஏசும் நிலையை எய்தியது. பூர்வாங்கத் தேர்தல்கள் நடந்த மாநிலங்களில் பெரும்பான்மையானவற்றை ரூஸ்வெல்ட் வென்றார். எனினும் சிகாகோவில் கூடிய கட்சி மாநாட்டில், தகராறுக்கு உள்ளான பிரதிநிதிப் பதவிகளில் மிகப் பெரும்பாலானவை டாஃப்டின் பக்கத்தவருக்கே வழங்கப்பட்டன. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

நவம்பரில் நேர்ந்தது என்ன? ரூஸ்வெல்ட்டுக்கு 27 சதவிகித வாக்குகளும் டாஃப்டுக்கு 23 சதவிகித வாக்குகளும் கிடைத்தன. இரண்டையும் கூட்டினால் நாட்டில் பாதி. ஆனால் பிரிந்து நின்ற அந்தப் பாதியை, 42 சதவிகிதம் பெற்ற ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்குகளுடன் எளிதில் வென்றுவிட்டார். பதவியிலிருந்த ஜனாதிபதியாகிய டாஃப்டுக்குக் கிடைத்தவை எட்டுத் தேர்வாளர் வாக்குகள் மாத்திரமே.

இந்தச் சரித்திரத்தின் பிற்பகுதி இன்னும் சிந்திக்கத்தக்கது. 1918-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிகாகோ நகரின் பிளாக்ஸ்டோன் ஹோட்டலுக்கு வந்திறங்கிய டாஃப்ட், ரூஸ்வெல்ட் அங்கே உணவறையில் தனியே அமர்ந்து உண்டுகொண்டிருப்பதாகக் கேள்வியுற்று, நேரே அங்கு சென்று கைநீட்டினார். இருவரும் தழுவிக்கொள்ள, உண்டுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டி ஆரவாரித்தனர். மறு ஆண்டு ஜனவரியில் ரூஸ்வெல்ட் காலமானபோது அவருடைய அடக்கத்துக்கு வந்து கண்ணீர் விட்டவர்களில் டாஃப்டும் ஒருவர். மனிதர்கள் இருவர் சமாதானம் அடைவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர்களுடைய கட்சி இழந்ததை அந்தச் சமாதானத்தால் மீட்டுத்தர முடியவில்லை. அந்தக் கை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நீளக்கூடிய விதத்தில் பேசிப் பழகுவதுதான் நாம் மேற்கொள்ள வேண்டிய முயற்சி.

கொள்கையைத் தாக்குங்கள், உள்நோக்கத்தைக் கற்பிக்காதீர்கள்

1964-இல் குடியரசுக் கட்சிக்குள் மீண்டும் இத்தகைய கலகம் மூண்டது. சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகில் நடந்த மாநாட்டில், நியூயார்க் கவர்னர் நெல்சன் ராக்ஃபெல்லர் பேச எழுந்தபோது, பாரி கோல்ட்வாட்டரின் ஆதரவாளர்கள் கூச்சலிட்டு அவரைப் பேசவொட்டாமல் தடுத்த காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராகத் தெரிந்தெடுக்கப்பட்ட கோல்ட்வாட்டர், நவம்பரில் ஆறு மாநிலங்களை மாத்திரமே வென்றார். அந்த அனுபவத்தினால் கவலையுற்ற கலிபோர்னியா மாநிலக் கட்சித் தலைவர் கேலார்ட் பார்க்கின்சன், சொந்தக் கட்சிக்காரரைப் பற்றி எவரும் இழித்துப் பேசலாகாது என்று ஒரு விதி வகுத்து, விவிலியத்தின் பத்துக் கட்டளைகளை நினைவூட்டுமாறு அதற்குப் பதினோராவது கட்டளை என்று பெயரிட்டார். 1966-இல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்ட ரொனால்ட் ரேகன் அதை ஏற்றுப் பின்பற்றி வெற்றியும் பெற்றார். ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, ஜனாதிபதி ஃபோர்டை எதிர்த்து நின்ற சமயத்தில், அவருடைய வெளிநாட்டுக் கொள்கையை ரேகன் கடுமையாகவே கண்டிக்க வேண்டியிருந்தது. வாய்மூடி இருப்பதையே தர்மமாக வைத்துக்கொண்டால் போட்டி நடப்பதற்கே இடமில்லை.

அந்தக் கட்டளையைக் காட்டிலும் நடைமுறைக்கு ஒத்த விதி ஒன்று உண்டு: ஒருவர் செய்ததையும் செய்வதாகச் சொல்வதையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பரிசீலியுங்கள், ஆனால் அவர் அதை ஏன் செய்தார் என்று அவருடைய மனத்துக்குள் புகுந்து தீய காரணம் கற்பிக்காதீர்கள்.

ஜனநாயகக் கட்சியில் 2008-இல் நடந்த போட்டி இதற்கு நல்ல சான்று. ஒவ்வொருவரும் நோய்க் காப்பீடு பெற்றே தீரவேண்டும் என்று சட்டம் விதிக்க வேண்டும் என்பது ஹில்லரி கிளின்டனின் திட்டம். குழந்தைகளுக்கு அந்த விதி போதும், பெரியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது பராக் ஒபாமாவின் வாதம். கட்டாயமின்றி எல்லோருக்கும் காப்பீடு எப்படிக் கிட்டும் என்று கிளின்டன் கேட்டார்; வாங்க வசதியில்லாதவரைச் சட்டத்தால் எப்படி வற்புறுத்துவது என்று ஒபாமா கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். தேர்தலில் வென்ற ஒபாமா, 2010-இல் தாம் கையொப்பமிட்ட சட்டத்தில் தோற்றவருடைய கட்டாய விதியையே சேர்த்துக்கொண்டார். ஏழைகளின்மேல் இரக்கமில்லாதவர் என்று ஒருவரையும், ஜனங்களை ஏமாற்றுபவர் என்று மற்றவரையும் வர்ணிப்பதில் மட்டுமே காலம் கழிந்திருந்தால், அந்த விவாதத்தினால் நாட்டுக்கு இந்தப் பயன் விளைந்திராது.

அதே போட்டியில் மற்றொரு பாடமும் அடங்கியிருக்கிறது. ஒருபுறம், பெண்ணொருத்தி அந்த உச்சப் பதவியை அடையவேண்டும் என்று ஆயுள் முழுவதும் காத்திருந்த மூதாட்டிகள். மறுபுறம், கறுப்பர் ஒருவர் அங்கே அமர்வதைக் காண்போமா என்று தலைமுறை தலைமுறையாக ஏங்கிய குடும்பங்கள். தங்கள் அபேட்சகர் மீது எறியப்பட்ட ஒவ்வொரு சொல்லும் தங்கள் வாழ்க்கை வரலாற்றின் மீதே எறியப்பட்டதாக இருசாராரும் உணர்ந்தார்கள். அவ்வுணர்ச்சி வீணானதென்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆகையால் எதிரிலிருப்பவர் தம் அபேட்சகரிடத்தில் எதைக் காண்கிறார் என்பதை அறிந்துகொள்ளாமல் அவருடைய அபேட்சகரைப் பற்றி வாய் திறவாதிருப்பது உத்தமம்.

விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்

கொள்கைச் சண்டை ஆறிவிடும். ஆட்டத்தின் விதிகளே நியாயமற்றவை என்ற சந்தேகம் ஆறுவதில்லை. தோற்றவர் மனத்தில் நெடுங்காலம் புரையோடிக் கிடப்பது பெரும்பாலும் இந்தச் சந்தேகமே. கட்சி குறித்த காலத்துக்கு முன்பாகவே தேர்தல் நாளை வைத்துக்கொண்ட குற்றத்துக்காக ஃபுளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் 2008-ஆம் ஆண்டுப் போட்டியில் பறிக்கப்பட்டது. ஒபாமா மிச்சிகன் வாக்குச் சீட்டிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார். கிளின்டனின் பெயர் அதில் இருந்தது. பின்னர்ப் போட்டி நெருங்கியபோது, அந்த வாக்குகளை எண்ண வேண்டும் என்று கிளின்டன் தரப்பினரும், விதியை நடுவில் மாற்றலாகாது என்று மற்றத் தரப்பினரும் வாதிட, மே 31-ஆம் தேதி கூடிய கட்சியின் விதிக்குழு, பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு என்று முடிவு சொல்லவேண்டியதாயிற்று. 2016-இல் சண்டை வேறு உருக்கொண்டது. வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படாமல், பதவி காரணமாக மாநாட்டில் வாக்களிக்கும் 700-க்கு மேற்பட்ட விசேஷப் பிரதிநிதிகளில் மிகப் பலர் தொடக்கத்திலேயே கிளின்டனை ஆதரித்தது, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களுக்கு ஆறாத புண்ணாயிற்று. போட்டி முடிவாகாத நிலையில் முதல் சுற்றில் அந்த விசேஷப் பிரதிநிதிகளுக்கு வாக்கில்லை என்று கட்சி பிறகு 2018-இல் விதியைத் திருத்திக்கொண்டது.

இதிலிருந்து கிடைக்கும் யோசனை எளிது. உங்கள் மாநிலத்தில் யார் வாக்களிக்கலாம், கட்சியில் பதிவு செய்துகொண்டவர் மட்டுமா அல்லது எவருமா, பதிவுக்குக் கடைசி நாள் எது, எத்தனை சதவிகிதம் பெற்றால் பிரதிநிதி கிடைப்பார் என்பவற்றை முதல் வாக்கு விழுவதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள். விதி தவறென்று பட்டால் அப்போதே சொல்லுங்கள். நம் அபேட்சகர் முன்னணியில் இருக்கும்போது நியாயமாகத் தோன்றிய விதி, அவர் பின்தங்கியவுடன் அநியாயமாகத் தோன்றுமானால், குறை விதியில் உள்ளதா, நம் பார்வையில் உள்ளதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. விதியைச் செயற்படுத்தும் உள்ளூர்ப் பணியாளரின்மேல் கோபத்தைக் காட்டுவது எக்காலத்தும் தகாது. 2016 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் நெவாடா மாநில மாநாடு கூச்சலில் முடிந்த பின்பு, அதற்குத் தலைமை வகித்த அம்மையாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தொலைபேசி வழியாக வந்த பயமுறுத்தல்கள், எந்தக் கொள்கைக்காக அவை அனுப்பப்பட்டனவோ அந்தக் கொள்கைக்கே களங்கம் தேடித்தந்தன.

வதந்தி உங்களிடத்தில் வந்து நிற்கட்டும்

நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சிப் பூர்வாங்கத் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷை வென்ற ஜான் மெக்கெய்ன், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென் கரோலினாவுக்கு வந்தபோது, அவருக்கு முறைகேடாகப் பிறந்த குழந்தை ஒன்று உண்டு என்ற அபவாதம் துண்டுப் பிரசுரங்களிலும் தொலைபேசி அழைப்புகளிலும் பரவியது. உண்மையில் அது, அவரும் அவர் மனைவியும் வங்காளதேசத்து அநாதை இல்லம் ஒன்றிலிருந்து தத்தெடுத்து வளர்த்த பெண் குழந்தை. ஒரு தம்பதியின் கருணைச் செயலை அவர்களுக்கு எதிரான ஆயுதமாக மாற்றிய இந்தப் பாதகம், சொந்தக் கட்சித் தேர்தலில்தான் நடந்தது.

அத்தகைய செய்தி உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைச் சொன்னவர் தம் பெயரைச் சொல்லியிருக்கிறாரா? நம் அபேட்சகரைப் பற்றி இப்படி ஒரு செய்தி வந்தால் இதே ஆதாரத்தைக்கொண்டு நம்புவோமா? சம்பந்தப்பட்டவரின் குடும்பத்தார் எதிரில் இதை உரக்கப் படிப்போமா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று விடை வந்தாலும் அந்தச் செய்தி உங்களைத் தாண்டிப் போகக்கூடாது. அதை அனுப்பியவர் நம் பக்கத்தவராகவே இருந்தால், பலர் முன்னிலையில் அவமானப்படுத்தாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

எதிரில் நின்று பேசுங்கள்

அயோவா மாநிலத்து ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை கைக்கொண்டிருந்த காக்கஸ் என்னும் கூட்ட முறையில், நாம் பின்பற்றத்தக்க பயிற்சி ஒன்று இருந்தது. குளிர்கால இரவில் அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்திலோ, தேவாலய மண்டபத்திலோ, நூல்நிலையத்திலோ ஒன்றுகூடி, ஓர் அபேட்சகருக்கு ஒரு மூலை என்று பிரிந்து, எல்லோரும் காண நிற்பார்கள். தலைகள் எண்ணப்படும். பெரும்பாலான இடங்களில் 15 சதவிகிதம் சேராத கூட்டம் கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். அந்தச் சில நிமிஷங்களில்தான், சற்று முன்வரை எதிர்மூலையில் நின்றவர்கள் இவர்களிடம் வந்து, எங்களோடு சேருங்கள் என்று அழைப்பார்கள். மாலையில் ஒருவரை இகழ்ந்துவிட்டு இரவில் அவரிடமே ஆதரவு கேட்பது எப்படி? எல்லோருடைய அபேட்சகரும் கலையும் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்ற நினைவு, அங்கே நாவைக் காத்தது. அந்த முறை நம் ஊரில் இல்லாவிட்டாலும், எதிரிலிருப்பவரிடம் இரண்டாவது சுற்றில் ஆதரவு கேட்கப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டு பேசும் பழக்கத்தை எவரும் கைக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் இதை எப்படிச் செய்வது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். 2016-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விருந்து முடிந்து எல்லோரும் அமர்ந்திருக்கையில், சாண்டர்ஸை ஆதரிக்கும் கல்லூரி இளைஞன், “நீங்க எல்லாம் வசதியா செட்டில் ஆயிட்டீங்க அத்தை, அதனாலதான் உங்களுக்கு கிளின்டனைப் பிடிக்குது” என்று தொடங்கினால், அத்தையின் சரித்திரத்தையே அவன் ஒரு வாக்கியத்தில் அழித்துவிட்டான். அதற்குமேல் அங்கே விவாதம் நடக்காது. அதற்குப் பதிலாக, “அத்தை, உங்களுக்கு அவங்க மேல இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருப்பானாயின், “ஆபீஸ்ல நான் பேசறதைக் கேக்கவே ஆள் இல்லாத காலம் ஒண்ணு இருந்துதுடா கண்ணா. அந்தக் காலத்துலேயே அவங்க நின்னு பேசினதை நான் பாத்திருக்கேன்” என்று அவர் சொல்லக்கூடும். அப்போது, “எனக்குப் படிப்புக் கடன் கழுத்தை நெரிக்குது அத்தை. அரசாங்கக் கல்லூரியில சம்பளமே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றப்ப, நான் எப்படி அவரை விடுவேன்?” என்று அவனும் தன் மனத்தைத் திறந்து காட்டலாம். இருவரில் ஒருவரும் பட்சம் மாறப்போவதில்லை. ஆயினும் இருவருக்கும் இப்போது மற்றவருடைய காரணம் தெரியும், காரணம் தெரிந்தவரைத் துரோகி என்று எண்ணுவது கடினம்.

பேச்சு சூடேறிவிட்டால் பெரியவர் நிறுத்தட்டும் என்று இளையவரும், இளையவர் அடங்கட்டும் என்று பெரியவரும் காத்திராமல், முதலில் உணர்ந்தவர் முதலில் நிறுத்துவதே முறை. இரவு நெடுநேரம் சென்றபின் அரசியல் வாக்குவாதத்தைத் தொடங்காதிருப்பதும், பூர்வாங்கத் தேர்தல் நாளன்று தோற்ற பக்கத்தவரை அழைத்து நலம் விசாரிப்பதைத் தவிர வேறெதுவும் பேசாதிருப்பதும் நல்ல நியமங்கள்.

வென்றவரின் கடமை, தோற்றவரின் அவகாசம்

ஐக்கியத்தைப் பற்றி உபதேசிப்பது பெரும்பாலும் வென்றவர்களே. அதைக் கேட்கவேண்டியவர்களோ, இன்னும் துக்கம் ஆறாத தோற்றவர்கள். இந்த அவசரம் பெரும் தீங்கு செய்கிறது. 2008 ஜூன் 3-ஆம் தேதி கடைசிப் பூர்வாங்கத் தேர்தல்கள் முடிந்தன. கிளின்டன் போட்டியை நிறுத்திக்கொண்டு ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தது ஜூன் 7-ஆம் தேதி. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேருடைய வாக்கைப் பெற்று, மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற ஒருவருக்கு அந்த நான்கு நாட்கள் நியாயமான அவகாசமே. அம்மாதம் 27-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்னும் சிற்றூரில், ஜனவரியில் இருவருக்கும் சரிசமமாக 107 வாக்குகள் அளித்திருந்த அந்த ஊரில், இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தவரும் கிளின்டனே. வென்றவரும் தம் கடமையில் தவறவில்லை. ஜனாதிபதியானதும் அவரை வெளிநாட்டு மந்திரியாக நியமித்தார்.

இதற்கு மாறாக, 1980-இல் ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்த எட்வர்டு கென்னடி, போட்டியை ஆகஸ்டு மாநாடு வரைக்கும் கொண்டுசென்றார். மாநாட்டின் கடைசி இரவில், இருவரும் கைகோத்து உயர்த்தும் காட்சியை எதிர்பார்த்துக் காத்திருந்த ஜனங்கள் கண்டது, ஒப்புக்குக் கைகுலுக்கிவிட்டு கென்னடி விலகிச் சென்றதைத்தான். விலைவாசி ஏற்றமும் ஈரானில் சிறைப்பட்ட அமெரிக்கர்களின் நிலைமையும் கார்ட்டரின் தோல்விக்குப் பெருங்காரணங்கள் என்பது மெய்யே. என்றாலும் பிளவுபட்ட கட்சியை வைத்துக்கொண்டு அவர் அவற்றை எதிர்கொள்ள நேர்ந்ததும் மெய்.

கடுஞ்சொல் கேட்டபின்னும் கைகோக்க முடியும் என்பதற்கு, நம்மவர்க்கு நெருக்கமான சான்றொன்று உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் மாதம் மயாமி நகரில் நடந்த விவாத மேடையில், பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கக் குழந்தைகளைப் பேருந்தில் வேற்றிடப் பள்ளிகளுக்கு அனுப்பிய திட்டத்தைப் பற்றி, தம்முடன் போட்டியிட்ட ஜோ பைடன் முன்னாளில் கொண்டிருந்த நிலையை நேருக்கு நேர் கண்டித்தார். ஆனால் பைடன் இனவெறி உடையவர் என்று தாம் கருதவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அந்தத் திட்டத்தால் பயனடைந்த சிறுமி தாமே என்று தம் வாழ்க்கையையே வாதமாக வைத்தார். அடி பலமாகவே விழுந்தது, வழி அடைபடவில்லை. 2020 ஆகஸ்டில் பைடன் உப ஜனாதிபதி அபேட்சகராகத் தெரிந்தெடுத்தது அவரைத்தான்.

ஆகவே உங்கள் பக்கம் வென்றால், தோற்றவர்களிடம் முதலில் ஆதரவு கேட்காதீர்கள். அவர்களுடைய அபேட்சகர் எழுப்பிய எந்தக் கோரிக்கையை நம் திட்டத்தில் சேர்க்கலாம் என்று கேளுங்கள். வார்டு கமிட்டியிலும் பிரசார அலுவலகத்திலும் அவர்களுக்குப் பொறுப்புள்ள வேலை கொடுங்கள். நாற்காலி எடுத்துப் போடும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் பக்கம் தோற்றால், துக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. சில நாட்கள் ஒதுங்கியிருக்கலாம். கண்டனத்தை எழுத்தில் வைத்து, விதிகளைத் திருத்தப் பாடுபடலாம். ஆனால் கோபத்தின் காரணமாக, உங்கள் கொள்கைகள் அனைத்துக்கும் மாறுபட்ட ஒருவர் ஆட்சிக்கு வர உதவினால், அந்தத் தண்டனையை அனுபவிப்பவர்கள் உங்களை வென்ற தோழர்கள் அல்லர். எந்த ஏழைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் நீங்கள் உங்கள் அபேட்சகரை ஆதரித்தீர்களோ அவர்களே ஆவர்.

ஜனநாயகத்தில் வெற்றி ஒரு பருவத்துக்கு உரியது. தோழமை அதற்கு முன்னும் பின்னும் தேவைப்படுவது. அடுத்த பூர்வாங்கத் தேர்தலில் நீங்கள் எந்தப் பட்சத்தில் நிற்பீர்களோ, யாருடைய உதவியை நாடுவீர்களோ, இன்று சொல்ல முடியாது. ஆதலால் ஒவ்வொரு விவாதத்துக்கும் முன்பு, நவம்பரில் இவரோடு சேர்ந்து வீடு வீடாகச் செல்ல வேண்டியவன் நான் என்று ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் கருத்தை முழு வலிமையோடும், ஒளிவு மறைவின்றியும் பேசுங்கள்.